தாப்பா கடைத்தெருவிலிருந்து இமயம் வரை: சைக்கிளில் போய் மலை ஏற ஒரு முழுமையான வழிகாட்டி

பேராக் மாநிலத்துத் தாப்பாக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சம் மீதி பால்மரம், நடுவில் ஒரு கடைத்தெரு என்று கிடக்கும் இந்தத் தோட்டப் பட்டணத்திலிருந்தே 59ஆம் எண் சாலை கிளம்பி, தித்திவங்சா மலைத்தொடருக்குள் ஏறி, கேமரன் மலையில் கொண்டுபோய் விடுகிறது. தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கீழே கிட்டத்தட்ட கடல் மட்டம். மேலே 1,440 மீட்டர். வெளியூர்க்காரர்கள் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து ஏறும் ஏற்றம் அது. நமக்கு வாசலிலேயே இருக்கிறது.

நெடுந்தூரச் சைக்கிள் பயணம், மலையேற்றம் என்று பேச்சு எடுத்தாலே நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த சைக்கிள் வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, உடம்பு எவ்வளவு தூரம் தாங்கும்; இரண்டாவது, எப்போது திரும்ப வேண்டும் என்று தெரியுமா. இந்த இரண்டுக்கும் பதில் தாப்பா மலைப் பாதையிலேயே கிடைத்துவிடும். நேப்பாளமும் லடாக்கும் அதன் பிறகு வருகிற விஷயம். அதனால் இந்த வழிகாட்டி வாசலில் தொடங்கி, படிப்படியாகத் தூரமும் உயரமும் கூட்டிக்கொண்டு போகும்.

1. யாரைப் பார்த்துக் கிளம்புவது

சைக்கிளையும் மலையையும் ஒன்றாகச் சேர்த்தவர்களில் என் மனதில் முதலில் நிற்பவர் சுவீடன் நாட்டு யோரன் குரோப். 1995 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். நூறு கிலோவுக்கு மேல் சாமான். நேப்பாளம்வரை மிதித்துப் போய், அத்தனை சாமானையும் தானே சுமந்து எவரெஸ்ட் அடிவார முகாமில் சேர்த்தார். மே மாதத் தொடக்கத்தில் உச்சிக்குப் போனபோது, மேலே நூறு மீட்டர் அளவே மீதம். நேரம் கடந்துவிட்டது, இதற்கு மேல் போனால் இறங்க முடியாது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். அதற்கு அடுத்த வாரம், மே 10-11இல், அதே மலையில் புயலில் சிக்கிப் பலர் இறந்தார்கள். குரோப் காத்திருந்து, மே 23ஆம் தேதி, ஆக்சிஜன் புட்டி இல்லாமல் உச்சியைத் தொட்டார். திரும்பும்போதும் பாதித் தூரம் சைக்கிள்.

சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1997 மே 23ஆம் தேதி, அதே உச்சியில் முதன்முதலாக மலேசியர்கள் நின்றார்கள். எம். மகேந்திரன், என். மோகனதாஸ். இரண்டும் நம் வீட்டுப் பெயர்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் வருத்தம்தான் மிஞ்சும். காற்பந்து வீரர் பெயர் பதினொன்றையும் ஒப்பிப்பார்கள்.

இவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது துணிச்சலை இல்லை. அது எல்லாரிடமும் கொஞ்சம் இருக்கிறது. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்பிய அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் கிளம்புவதற்கு முன்பே ஒரு திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கள்.

2. இருக்கிற சைக்கிளைத் தயார் செய்வது

ஐயாயிரம் வெள்ளி சைக்கிள் வேண்டாம். இரும்போ அலுமினியமோ, கேரியர் பூட்டத் துளை இருக்கிற, உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற பழைய மலை சைக்கிள் போதும். பார்க்க வேண்டியது மூன்று: கியர், டயர், பிரேக்.

கியரைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் முழங்கால் பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான். முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 28 பல் என்றால், ஒரு சுற்று மிதிக்கும்போது சைக்கிள் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல். சமதரையில் அது ஒன்றுமில்லை. சாமானோடு ஏற்றத்தில் அந்த வேகத்தை மணிக்கணக்காக யாராலும் பிடிக்க முடியாது. சுற்றைக் குறைத்து, முழங்காலால் தள்ளத் தொடங்குவீர்கள். முன்னால் 30, பின்னால் 34 என்று இருந்தால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் பேசிக்கொண்டே போகலாம். முன்சக்கரத்துப் பல்லைவிடப் பின்சக்கரத்துப் பல் அதிகமாக இருக்கிற ஒரு கியராவது வேண்டும் என்று சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் கேளுங்கள். புது சைக்கிள் வாங்குகிற செலவில் சிறு பங்குகூட ஆகாது.

செயினை நீங்களே அளந்து பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் இரும்பு அளவுகோல் போதும். ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வைத்தால், புதுச் செயினில் 12ஆவது அங்குலம் சரியாக இன்னோர் ஆணியின் நடுவில் விழும். அந்த ஆணி 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். நம் ஊர் மழையிலும் செம்மண்ணிலும் செயின் சீக்கிரம் தேயும். மழையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலையில் துரு சிரிக்கும்.

டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தோட்டத்து ரோட்டில் பஞ்சருக்கு முதல் காரணம் செம்பனை மட்டை முள். மெல்லிய டயரை அது ஊசிபோலத் துளைக்கும். பக்கவாட்டில் டயரே கிழிந்துவிட்டால் ஒட்டுப்போடுவது நிற்காது. உள்ளிருந்து எதையாவது வைத்துத் தாங்க வேண்டும். நம் ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக், கிழியாது. நாலாக மடித்து டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைத்துக் காற்றடித்தால் வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும். அப்புறம் நோட்டை எடுத்துக் கழுவி டீ குடிக்கலாம்.

சாமான் கட்டுவதற்கு நம் தாத்தாக்களைக் கேட்டாலே போதும். பால்மரத் தோட்டத்தில் சைக்கிளில் பால் வாளி கட்டிக்கொண்டு மேடு பள்ளம் இறங்கி ஒரு சொட்டு சிந்தாமல் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இழுத்துக் கட்டுவது இன்றைக்கும் எந்தக் கொக்கிக் கயிற்றையும்விட நன்றாகப் பிடிக்கும். கனமானது கீழே, இரண்டு பக்கமும் சம எடை, மழைக்கோட்டு மேலே. வேறு சூத்திரம் இல்லை.

3. தோட்டத்து ரோட்டில் உடம்பைப் பழக்குவது

முதல் இரண்டு மாதம் மலைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. தெமோ, செண்டேரியாங், பீடோர் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு தரம் 30, அப்புறம் 50, அப்புறம் 80 கிலோமீட்டர் என்று கூட்டுங்கள். பழைய டிவிசன் ரோடுகளில் பழம் ஏற்றிய லாரி வரும். அதற்கு வழி விட்டு நில்லுங்கள், போட்டி போடாதீர்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய ஒன்றாம் நம்பர் சாலைதான் நம் பாதை.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காலை பத்து மணிக்குமேல் வியர்வை உலராது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர்வரை தண்ணீர், கூடவே உப்பு. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் தலைசுற்றும். பழைய சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டுப் புட்டியில் ஊற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இளைஞர்கள் சிரிப்பார்கள், ஆனால் மதியம் வரை அவர்கள்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

4. முதல் பெரிய நாள்: தாப்பாவிலிருந்து தானா ராத்தா

வார நாளாகப் பாருங்கள். பள்ளி விடுமுறையும் வார இறுதியும் கார்களுக்கு விட்டுவிடுங்கள். பாதை குறுகல், வளைவு அதிகம், சுற்றுலாப் பேருந்து வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். விடிவதே ஏழு மணிக்குத்தான் என்பதால், ஐந்தரைக்குக் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். வெயிலும், மதியத்துக்குமேல் வரும் இடிமழையும் வருவதற்குள் மேலே போய்விட வேண்டும்.

பட்டணம் தாண்டி முதல் சில கிலோமீட்டர் சுகமாக இருக்கும். கோலா வோ பக்கம் வெந்நீர் ஊற்று உண்டு. போகும்போது நிற்காதீர்கள், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஏற்றம் தொடங்கும். செங்குத்தான ஏற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் தீராது, தீராது, தீரவே தீராது. ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் இன்னொரு வளைவு. இங்கேதான் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்: மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மிதியுங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

லாத்தா இஸ்கந்தர் அருவியில் நின்று சாப்பிடுங்கள். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் தாமதம். கணக்கு இது: ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றால், 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் உடம்பு ஏறக்குறைய 1,200 கலோரி எரிக்கும். காற்றும் ரோடும் கேட்பது தனி. நாசி லெமாக் ஒரு பொட்டலம், வாழைப்பழம் நான்கு, இனிப்பு ஏதாவது. பாதையோரம் பூர்வகுடிகளான செமாய் மக்கள் பெத்தாய், மூங்கில், பழம் எல்லாம் விற்பார்கள். அவர்கள் ஊர் வழியாகத்தான் போகிறோம்; படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

45 கிலோமீட்டர் வாக்கில் ரிங்லெட் வரும். அங்கே வந்ததும் ஊர் வந்துவிட்டது என்று தோன்றும். இன்னும் 13 கிலோமீட்டர் இருக்கிறது. நீங்கள் எழுதி வைத்த நேரம் தாண்டிவிட்டால் ரிங்லெட்டில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நேரம் இருந்தால் ஹாபு அணைக்கட்டு ஏரியைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்களை ஒட்டி, தானா ராத்தா. கால் இன்னும் கேட்டால், மறுநாள் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் வழியாக குனோங் பிரிஞ்சாங் உச்சிவரை தார் ரோடு போகிறது. 2,000 மீட்டருக்கு மேல். தாப்பாவில் வியர்த்த சட்டையோடு அங்கே நின்றால் பல் கிட்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் குளிர் ஆறு, ஏழு டிகிரி கூடும்.

இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். நேரான இடத்தில் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். காற்றுப் புகாத ஒரு சட்டை வேண்டும். கை விறைத்தால் பிரேக் பிடிக்க விரல் வராது.

5. சைக்கிள் காலும் மலைக் காலும் வேறு

சைக்கிள்காரர்கள் மலையில் ஏறுவதில் தோற்பதில்லை. இறங்குவதில்தான் தோற்கிறார்கள். மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கித் தள்ளுகிறது. மலை இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலையை சைக்கிள் ஒருபோதும் கற்றுக்கொடுப்பதில்லை. அதனால்தான் நூறு கிலோமீட்டர் மிதிப்பவர் மலை இறங்கிய மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார்.

மருந்து படிக்கட்டுதான். பத்துமலையில் 272 படி இருக்கிறது. கோலாலம்பூர் போகிற அன்றைக்கு முருகனைப் பார்த்த கையோடு, முதுகில் எட்டுப் பத்துக் கிலோ பையோடு மெதுவாக நாலைந்து தரம் ஏறி இறங்குங்கள். குரங்கு பையைப் பிடுங்கும், ஜாக்கிரதை. ஊரிலேயே என்றால் ஃபிளாட் மாடிப்படி. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு காலில் நின்று மெதுவாக அடுத்த காலை வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் இப்படிச் செய்தால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது காடு. பேராக்கில் பக்கத்திலேயே பெரிய மலைகள் இருக்கின்றன: தாப்பா, கோப்பெங் பக்கம் 2,131 மீட்டர் குனோங் பத்து பூத்தே, ஈப்போவுக்கு அந்தப் பக்கம் 2,183 மீட்டர் குனோங் கோர்பு, தீபகற்பத்தில் குனோங் தகானுக்கு அடுத்த உயரம். இவை இரண்டும் விளையாட்டுக்கு ஏறுகிற மலைகள் இல்லை, காட்டில் இரவு தங்க வேண்டும். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் ஏற மாநில வனத்துறை அனுமதி வேண்டும். பதிவு பெற்ற மலை வழிகாட்டி, அதாவது மாலிம் குனோங், கூட வர வேண்டும். பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று அனுமதி இல்லாமல் ஏறி, வழி தவறி, தீயணைப்புப் படை தேடி வருகிற கதை ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது. அந்தப் பட்டியலில் சேர வேண்டாம்.

அட்டைப் பூச்சிக்கு உப்பு, அல்லது தோட்டத்தில் செய்வதுபோலப் புகையிலை ஊறிய தண்ணீர். அட்டை பயப்படுத்துமே தவிர ஒன்றும் செய்யாது. ஓடைத் தண்ணீர்தான் செய்யும்: எலிச் சிறுநீர்க் காய்ச்சல். கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், காலில் காயம் இருந்தால் மூடிக் கட்டாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். ஊருக்கு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

6. முதல் நெடும்பயணம்: தாப்பாவிலிருந்து குனோங் லேடாங்

இப்போது இரண்டையும் சேர்க்கலாம். சைக்கிளில் தெற்கே போய், ஜொகூர் எல்லையில் 1,276 மீட்டர் லேடாங் மலை ஏறி வருவது நல்ல முதல் பயணம். 300 கிலோமீட்டருக்கு மேல். ஒன்றாம் நம்பர் சாலையில் போனால் கோலாலம்பூர் நெரிசல் குறுக்கே நிற்கும். நான் சொல்வது கடலோர வழி: தாப்பாவிலிருந்து தெலுக் இந்தான், அங்கே ஐந்தாம் நம்பர் சாலையைப் பிடித்து சபாக் பெர்ணம், கோலா சிலாங்கூர், கிள்ளான், போர்ட்டிக்சன், மலாக்கா. மேடே கிடையாது, வயல்வெளி, மீன் வாசனை, எதிர்க்காற்று. கிள்ளானை ஞாயிற்றுக்கிழமை காலையில் கடந்தால் கன்டெய்னர் லாரித் தொல்லை குறையும். நாளுக்கு 70, 80 கிலோமீட்டர் போதும்.

தங்குவதற்கு ஹோட்டல் தேட வேண்டியதில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கேளுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், செருப்பைக் கழற்றி, தலைவரையோ பூசாரியையோ பார்த்து, "ஐயா, தாப்பாவிலிருந்து சைக்கிளில் வருகிறேன், ஒரு ராத்திரி படுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் பாய் வந்துவிடும். சாப்பிட்டாச்சா என்ற கேள்வி அதற்கு முன்பே வந்திருக்கும். யார் பிள்ளை, எந்தத் தோட்டம், சொந்த ஊர் எது என்ற விசாரணைக்கும் தயாராக இருங்கள். கடைசியில் எப்படியோ உறவு கண்டுபிடித்துவிடுவார்கள். குருத்துவாராக்களிலும் கேட்டுப் பார்க்கலாம். காலையில் கிளம்பும்போது மண்டபத்தைக் கூட்டிவிட்டு, உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டுப் போங்கள், அடுத்து வருகிறவனுக்கும் கதவு திறக்க வேண்டும்.

லேடாங்கை தங்காக் பக்கத்து சாகில் நுழைவாயிலில் ஏறலாம். அது தேசியப் பூங்கா. பதிவும் வழிகாட்டியும் வேண்டும், இருட்டில் ஏற விடமாட்டார்கள். மலைக்கு முந்தைய நாள் முழு ஓய்வு கொடுங்கள். மிதித்த காலோடு அப்படியே ஏறினால் இறக்கத்தில் முழங்கால் பழி வாங்கும்.

7. கினாபாலு

சபாவில் 4,095 மீட்டர். ஏறும் தூரம் 8.72 கிலோமீட்டர்தான், அதனால் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 1,866 மீட்டர் திம்போஹோன் வாசலில் தொடங்கி முதல் நாள் 3,272 மீட்டர் பானாலாபானில் தங்கல். இரண்டாம் நாள் அதிகாலை இரண்டு, இரண்டரைக்கு எழுந்து 823 மீட்டர் ஏறி உச்சி. அதே நாளில் 2,229 மீட்டர் இறக்கம். படிக்கட்டுப் பயிற்சியை ஏன் அத்தனை அழுத்திச் சொன்னேன் என்று அந்த இறக்கத்தில் புரியும்.

தினமும் ஏறுகிறவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். நமக்குக் கட்டணம் வெளிநாட்டவரைவிடக் குறைவு, அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். உச்சியில் குளிர் சுழியத்தை ஒட்டி இருக்கும். கையுறை, காது மூடும் தொப்பி, தலை விளக்கு. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், உதிரி ஒன்றைச் சட்டைக்குள் வையுங்கள். 2015 ஜூன் 5ஆம் தேதி நடந்த நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். வழிகாட்டி "இன்றைக்கு மேலே போக முடியாது" என்று சொன்னால், கட்டிய பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

சைக்கிளை விமானத்தில் ஏற்ற அட்டைப் பெட்டி சைக்கிள் கடையில் சும்மாவே கிடைக்கும். இடது பெடல் எதிர்த் திசையில் கழலும், இது தெரியாமல் பெடலோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. பவர்பேங்க் கையில் எடுத்துப் போகும் பையில்தான் போக வேண்டும். சமையல் காஸ் டின் எந்தப் பையிலும் கூடாது. நாம் வீட்டில் ஸ்டீம்போட்டுக்கு வைக்கும் அந்த நீள டின்னில் இருப்பது பியூட்டேன். சுழியம் டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது, அடுப்பு பற்றாது. உயர மலைக்குப் புரொப்பேன் கலந்த டின் வேண்டும்.

8. மூவாயிரம் மீட்டருக்கு மேலே

இங்கே பலத்துக்கு மதிப்பில்லை. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. இரும்பு மனிதனுக்கும் தலைவலி வரும். விதி எளிது: 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்குமேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தரம் ஏறாமல் ஓய்வு. தலைவலி, குமட்டல் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரி என்று பார்க்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். அசெட்டசோலமைட் மாத்திரை உதவும், ஆனால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து உங்களுக்கு ஆகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை இறங்குவதற்கு மாற்று ஆகாது.

சைக்கிளில் மெதுவாகப் போவது இங்கே நமக்குச் சாதகம். இந்திய இமயத்தில் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை ஏறக்குறைய 470 கிலோமீட்டர். ஜீப்பில் போகிறவர் 3,080 மீட்டர் கேலாங்கில் ஒரு ராத்திரி, அடுத்த ராத்திரி 4,300 மீட்டர் சர்ச்சு என்று தாவி, வாந்தி எடுத்துக்கொண்டு கிடப்பார். சைக்கிள்காரர் நடுவில் ஜிஸ்பா, தார்ச்சா, பட்சியோ என்று நின்று நின்று போகும்போது உடம்பு தானாகவே பழகிவிடும். கடைசிக் கணவாய் தங்லங் லா 5,328 மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர்வரைதான் பருவம். நேப்பாளத்தில் நடந்து போகிறவர்களுக்கு எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். வழியில் 3,440 மீட்டர் நாம்சேயில் இரண்டு ராத்திரி தங்குவதை யாருக்காகவும் குறைக்காதீர்கள்.

பனியிலும் பாறையிலும் கயிறு கட்டி ஏறுவதைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்றக் கழகம் இருக்கிறது. டென்சிங் நோர்கேதான் அதன் முதல் களப் பயிற்சி இயக்குநர். உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றக் கழகம். இரண்டிலும் நான்கு வார அடிப்படைப் பயிற்சி உண்டு. வெளிநாட்டவருக்கும் இடம் கொடுக்கிறார்கள், கட்டணம் கூடுதல். முகவரிடம் கொடுத்து உச்சியில் படம் எடுத்துக்கொள்ளும் காசை இங்கே கட்டுவதுதான் புத்தி.

9. எங்கே தேடுவது

வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் இரண்டும் இணையம் இல்லாமலே வேலை செய்யும். பழைய தோட்டத்து ரோடு பலவும் அதில் இருக்கிறது, ஆனால் தோட்டத்துக் கேட்டு பூட்டியிருக்கிறதா என்று அது சொல்லாது. கொமூட் செயலி ஏற்ற இறக்கத்தைப் படமாகக் காட்டும். தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், அந்தப் படத்தைப் பார்த்துப் போடுங்கள். விக்கிலோக்கில் மற்றவர்கள் நடந்த மலைப் பாதைகள் கிடைக்கும். மழைக்கு நம் வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலி.

வெளிநாட்டில் தங்க வார்ம் ஷவர்ஸ்: சைக்கிள் பயணிகளுக்குச் சைக்கிள் பயணிகளே வீட்டில் இடம் கொடுக்கும் அமைப்பு. தாப்பாவில் உங்கள் வீட்டிலும் யாருக்காவது இடம் கொடுத்துப் பாருங்கள். துருக்கியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ மிதித்து வந்தவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொல்லும் விவரம் வேறு எங்கேயும் கிடைக்காது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்க ஆசை இருந்தால் அட்வெஞ்சர் சைக்கிளிங் அசோசியேஷன். 1976இல் அவர்கள் போட்ட, நாட்டைக் குறுக்கே கடக்கும் பாதை இன்னும் ஓடுகிறது. ஐரோப்பாவுக்கு, நாடுகளை இணைக்கும் நெடுந்தூரச் சைக்கிள் பாதைகளான யூரோவெலோ.

காப்புறுதி வாங்கும்போது இரண்டு வரியை மட்டும் தேடுங்கள்: எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. சாதாரணப் பயணக் காப்புறுதியில் பல, குறிப்பிட்ட உயரத்துக்குமேல் கைவிரித்துவிடும்.

10. வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது

"பஸ்ஸுதான் ஓடுதே, உனக்கு என்னடா தலையெழுத்து?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. விவாதம் செய்து ஜெயிக்க முடியாது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் பாதிக் கவலை தீரும்: எந்தப் பாதை, எந்த இரவு எங்கே, கூட யார், அவர்கள் வீட்டுத் தொலைபேசி எண், அனுமதிக் கடிதத்தின் நகல், மாலிம் குனோங்கின் எண், உங்கள் இரத்த வகை, சாப்பிடும் மருந்து. அடியில் பெரிய எழுத்தில் இரண்டு நேரம். ஒன்று, நீங்கள் தொலைபேசியில் அழைக்கும் நேரம். இன்னொன்று, அழைப்பு வராவிட்டால் வீட்டார் 999க்குச் சொல்ல வேண்டிய நேரம். மலையில் கைப்பேசி அலை கிடைக்காத இடங்கள் இருப்பதால் இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் நீங்கள் தானா ராத்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது போலீஸ் தேட ஆரம்பித்துவிடும். தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகாமல், ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள்.